68-ஆ, 78-ஆ: என் சிட்டி விடெக்குக்கு எந்த தெர்மோஸ்டாட்?

அடுப்பில் பழைய அலுமினியப் பாத்திரம், முக்கால் அளவு தண்ணீர். குறுக்கே வைத்த கரண்டிக் காம்பிலிருந்து தையல் நூலில் தெர்மோஸ்டாட் தொங்குகிறது. நூலின் நுனியை எங்கேயும் கட்டவில்லை, வால்வின் உதட்டுக்குள் கவ்வ விட்டிருக்கிறேன். பக்கத்திலேயே சமையல் தெர்மாமீட்டர். 60, 64, 67. அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் எழுகிறது. 69 வந்தபோது வால்வின் உதடு மயிரிழை விலகியது, நூல் நழுவியது, தெர்மோஸ்டாட் 'டங்'கென்று பாத்திரத்தின் அடியில் விழுந்தது.

இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை (இன்ஜினை ஆற்றும் திரவத்தை) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடானதும் திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். 68 டிகிரியில் திறக்கும் என்று சொல்லி விற்ற லோ டெம்ப் (குறைந்த சூட்டிலேயே திறக்கும்) தெர்மோஸ்டாட் அது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதை வண்டியில் மாட்டி, தினமும் ஆபீசுக்கு ஓட்டி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டி, கடைசியில் கழற்றிவிட்டு கம்பெனி கொடுத்த 78 டிகிரிக்கே திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இன்ஜினில் கொஞ்சமாவது கை வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்த யோசனை வரும். வரும்போது இது உதவட்டும்.

என்னுடையது 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். ஒன்றரை லிட்டர், கம்பெனியிலிருந்து வரும்போதே 106 குதிரைசக்தி. நான் மூன்றாவது ஓனர். வாங்கிய பிறகு ஹெட்டர் (புகை வெளியேறும் குழாய்) போட்டேன், காற்று நுழையும் இன்டேக்கை மாற்றினேன், சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் ஸ்கிம் செய்து (இழைத்து) கம்ப்ரஷனை ஏற்றினேன், பிளக் பொறி விடும் டைமிங்கை கொஞ்சம் முன்னே தள்ளினேன். 95 ஆக்டேனுக்குக் குறைவாக எதையும் ஊற்றுவதில்லை. 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் அந்த இன்ஜின் போடும் சத்தத்துக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அதை வைத்துப் பராமரிக்கலாம். அப்படி ஒரு வண்டி.

எல்லாம் ஒரு கத்திரி வெயிலில் ஆரம்பித்தது. சென்னை ஓஎம்ஆரில் சாயங்கால டிராஃபிக். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. டெம்பரேச்சர் முள் எப்போதும் நிற்கும் இடத்தை விட்டு மெல்ல மேலே நகர்ந்தது. ஏசியை அணைத்தேன், முள் இறங்கியது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். சாயங்காலம் போனபோது கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்.

"இனிமே ஹீட்டே ஆவாது தம்பி. ஓட்டிப் பாரு."

"என்ன பண்ணீங்கண்ணே?"

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டேன். குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது. நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?"

தமிழ்நாட்டில் கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வாக்கியம் இது. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. அவரும் நல்ல கைக்காரர்தான், ஹெட் வேலையெல்லாம் அவ்வளவு சுத்தமாகச் செய்வார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தலைமுறை தலைமுறையாகத் தப்பான பாடம் ஒன்று கைமாறி வருகிறது.

அடுத்த மூன்று மாதம் முள் ஏறவே இல்லை. ஆனால் வண்டி மாறிப்போயிருந்தது. சிட்டியில் லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தது எட்டுக்கு வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓட்டிய பிறகும் மிதித்தால் ஒரு மந்தம். புகைக்குழாயில் பெட்ரோல் வாடை. பிளக்கைக் கழற்றினால் கரி படிந்து கறுப்பாக இருந்தது.

அப்போதுதான் டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கி, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் அடாப்டர் வைத்து சென்சாரைப் பொருத்தினேன். எந்தப் பார்ட்டையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பவே கூடாது. என் வண்டியில் 75-லும் 98-லும் அது ஒரே இடத்தில்தான் நின்றது. ஓட்டுகிறவர் பதறக்கூடாது என்று பல கார்களில் முள்ளை அப்படி நடுவில் நிற்கும்படியே அமைத்திருப்பார்கள். அது நகர்ந்து நம் கண்ணில் படுவதற்குள் நிலைமை முற்றியிருக்கும்.

ஞாயிறு விடியற்காலை ஈசிஆரில் 80-ல் போனபோது கேஜ் காட்டியது 62. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியும் 64-ஐத் தாண்டவில்லை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவுகிறது, மிச்சம் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை அடித்தது. மூன்று மாதம் இந்த நிலையில் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

தெர்மோஸ்டாட் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை. நடுவில் ஒரு சின்னப் பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. மெழுகு உருகும்போது விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். அதன் மேல் அடித்திருக்கும் எண் திறக்க ஆரம்பிக்கும் டிகிரி. முழுசாகத் திறக்க அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். ஹோண்டாவின் இந்த வகை இன்ஜின்களில் 76-க்கும் 80-க்கும் நடுவில் திறக்க ஆரம்பித்து 90-ல் முழுசாகத் திறந்துவிடும்.

இன்ஜின் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. முழுசாகத் திறந்த பிறகு அதனால் செய்ய முடிவது ஒன்றும் இல்லை. அதற்கு மேல் சூடு ஏறினால் ரேடியேட்டர், ஃபேன், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப், கூலண்ட் இவற்றைத்தான் கேட்க வேண்டும். டிராஃபிக்கில் 101 காட்டும் வண்டியில் 78 போட்டாலும் 68 போட்டாலும் இரண்டும் அந்த நேரத்தில் 'ஆ'வென்று திறந்துதான் கிடக்கும். இன்று இதைச் சுலபமாக எழுதிவிட்டேன். அன்று புரியாமல்தான் 68 வாங்கினேன்.

கழற்றியே விட்டால் என்ன என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்குள் திரும்பிவிடும். ஹைவேயில் இன்ஜின் ஆறிக் கிடக்கும், மலையேற்றத்தில் அதே இன்ஜின் கொதிக்கும். 'தண்ணி வேகமா ஓடினா ஆற நேரம் இருக்காது' என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல, காரணம் இந்தக் குறுக்கு வழிதான்.

சரி, லோ டெம்ப் கதைக்கு வருகிறேன். இணையத்தில் தேடினால் வரும் அறிவுரையில் பெரும்பாலானது அமெரிக்க வி8 வண்டிக்காரர்களுடையது. 160 டிகிரி போடு, பவர் ஏறும், நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடிப்பது) போகும் என்பார்கள். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 71. அவர்கள் கழற்றுவது எது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய அமெரிக்க இன்ஜின்கள் பலவற்றில் 195 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 90 டிகிரி தெர்மோஸ்டாட். கார்வெட் சி5-இல் வந்த எல்எஸ்1 இன்ஜினில் 86-87. புகை விதிகளுக்காகவும் மைலேஜுக்காகவும் இன்ஜினைச் சூடாகவே ஓட விட்டிருக்கிறார்கள். அந்த இன்ஜின்களில் கூலண்ட் சூடு ஏற ஏற ஈசியூ டைமிங்கைப் பின்னால் இழுக்கும். அங்கிருந்து 71-க்கு இறங்கி, ஃபேன் ஓடும் டிகிரியையும் டியூனில் குறைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். பிஎம்டபிள்யூவின் எம்54 இன்ஜினில் தெர்மோஸ்டாட் 97. அதற்குள் ஒரு ஹீட்டர் வைத்து, தேவைப்படும்போது ஈசியூவே சீக்கிரம் திறக்க வைக்கும்.

என் ஹோண்டாவோ கம்பெனியிலிருந்து வரும்போதே 78. அவர்கள் காசு கொடுத்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என் வண்டி ஏற்கெனவே நிற்கிறது. வாங்கும் முன் என் வண்டியின் ஒரிஜினல் எண் என்ன என்று ஒரு தடவை பார்த்திருந்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கியிருக்கும்.

ஆசைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. டிராக்கில் நான்காவது லேப்பில் மூன்றாம் கியரில் மிதித்து வெளியே வரும்போது, கோலிகுண்டுகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். நாக்கிங். கம்ப்ரஷன் ஏற்றிய, டைமிங் முன்னே தள்ளிய இன்ஜினில் ஹெட்டின் உலோகம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நாக்கிங் சீக்கிரம் வரும். சூடு பத்து டிகிரி குறைந்தால் நல்லதுதான் என்று நினைத்தேன். நினைத்தது சரி. தெர்மோஸ்டாட் அந்தப் பத்து டிகிரியைக் குறைக்கும் என்று நம்பியதுதான் தப்பு.

68 போட்ட முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. ஈசிஆரில் காலையில் கேஜ் 75-76. தெர்மோஸ்டாட் இந்த இன்ஜினில் கீழ் ஹோஸ் பக்கம், அதாவது இன்ஜினுக்குள் நுழையும் வழியில் இருக்கிறது. அதனால் மேல் ஹோஸில் எடுக்கும் ரீடிங் தெர்மோஸ்டாட்டின் எண்ணைவிடச் சில டிகிரி அதிகமாகத்தான் இருக்கும். இன்னொன்று, தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது மேல் ஹோஸில் ஓட்டமே இருக்காது. ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிஷம் அங்கே இருக்கும் கேஜ் காட்டுவது இன்ஜினின் சூடு அல்ல. அதை நம்பி மிதிக்கக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஓஎம்ஆரில் ஏசியோடு மறுபடியும் 101.

வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் திறந்து நின்றேன். என் வண்டியில் ஏசி போட்டாலே இரண்டு ஃபேனும் சேர்ந்து ஓடும். இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது, மேல் ஹோஸைத் தொட முடியவில்லை. கீழ் ஹோஸைத் தொட்டேன், அதுவும் கிட்டத்தட்ட அதே சூடு. உள்ளே போன சூட்டிலேயே கூலண்ட் வெளியே வருகிறது என்றால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு விரல் போதும். ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அந்த நிலையில் யாரும் திறக்கக் கூடாது. 1.1 கிலோ அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், மூடி விலகிய நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும்.

ரேடியேட்டரைக் கழற்றி, பழைய பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு ராடு போட்டுச் சுத்தம் செய்வார்கள். என்னுடையது அலுமினியம், மேலே கீழே பிளாஸ்டிக் தொட்டி. அதற்கு ராடு போட முடியாது. என்னதான் இருக்கிறது பார்க்கலாம் என்று பெரியவர் தொட்டியைப் பிரித்தே காட்டினார். குழாய்களின் வாயில் வெள்ளை வெள்ளையாக ஒரு படிவு. நகத்தால் சுரண்டினால் பல்லில் கறை உடைவதுபோல் உடைந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு குழாய் முழுசாக அடைத்திருந்தது. மற்றவற்றிலும் பாதி வழிதான்.

"போர் தண்ணி ஊத்தியிருக்காங்க தம்பி. இது சுண்ணாம்பு. இட்லிப் பானை அடியில ஒட்டுமே, அதே."

முந்தைய ஓனர்கள் வருஷக்கணக்கில் செய்தது. அளவு குறைந்தால் வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுவது. சென்னையின் போர் தண்ணீர் எப்படி என்று நமக்குத் தெரியும், குளியலறை ஷவரைப் பார்த்தாலே போதும். அது இருபது வருஷம் கொதித்துக் கொதித்து ஆறினால் என்ன மிஞ்சும்?

புது அலுமினிய ரேடியேட்டர், ஒரிஜினலைவிடத் தடியானது, போட்டேன். புது மூடியும். மூடியை யாரும் கவனிப்பதில்லை. அதன் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. 1.1 கிலோ அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே சுமார் 121 டிகிரி வரை கொதிக்காது. நிற்காவிட்டால் 100-ல் கொதித்து ரிசர்வ் டேங்குக்கு ஓடிவிடும். 1.3 மூடி போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் சொன்னார்கள். இருபது வருஷப் பழைய ஹோஸும் ஹீட்டர் குழாயும் இருக்கும் வண்டியில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கூலண்ட்டும் மாற்றினேன். நம் ஊரில் பனியில் உறைகிற பயம் இல்லை. சூட்டைக் கடத்துவதில், கூலண்டில் உறைவதைத் தடுக்கச் சேர்க்கும் கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் கெட்டி. ஆகவே மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர். கூலண்ட்டில் வரும் துரு தடுப்பு மருந்து அலுமினிய இன்ஜினுக்குக் கட்டாயம் வேண்டும், ஆகவே வெறும் தண்ணீர் மட்டும் என்று போகவும் கூடாது.

பைசா செலவில்லாத இன்னொரு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் பக்கவாட்டில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. கிரில்லில் நுழையும் காற்று ரேடியேட்டரைத் துளைத்துப் போகச் சிரமப்படும், இடைவெளி கிடைத்தால் அதன் வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். பழைய ஃபோமை வெட்டி நாலு பக்கமும் அடைத்தேன். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சிக்கியிருந்த காய்ந்த இலையும் பூச்சி இறகுமாக ஒரு கைப்பிடி குப்பையையும் எடுத்தேன். இது ஒன்றிலேயே ஹைவேயில் மூன்று டிகிரி இறங்கியது.

இத்தனையும் முடிந்ததும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இப்போது 68-க்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

டிராக் டேக்குப் போனேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பழைய ரேடியேட்டரோடு நான்காவது லேப்பில் 106 வந்து நாக்கிங் கேட்ட அதே இடத்தில், இப்போது 68 தெர்மோஸ்டாட்டோடு ஆறாவது லேப் முடிவில் 91. நாக்கிங் இல்லை. அடுத்த மாதம், கிட்டத்தட்ட அதே வெயில், அதே டயர், தெர்மோஸ்டாட் மட்டும் 78. ஆறாவது லேப் முடிவில் 92.

ஒரு டிகிரி. பதினைந்து டிகிரியைக் குறைத்தது ரேடியேட்டரும் ஃபோமும் மூடியும். வித்தியாசம் தெரிந்தது முதல் லேப்பில் மட்டும்தான். 68-ஓடு போனால் பிட்டிலிருந்து (டிராக் ஓரத்தில் வண்டி நிற்கும் இடம்) கிளம்பும்போது இன்ஜின் கொஞ்சம் ஆறிய நிலையில் இருக்கும், சூடு உச்சிக்குப் போக ஒரு லேப் கூடுதலாக ஆகும். மூன்றே லேப்பில் முடியும், ஒரு லேப்பின் நேரத்தை மட்டும் பார்க்கும் டைம் அட்டாக் மாதிரி ஓட்டத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை.

சூட்டைக் குறைவாகவே வைத்திருக்க வேண்டும் என்கிற ஆசைக்கு நம் ஊர் வெயிலில் ஒரு எல்லை இருக்கிறது. ரேடியேட்டர் வெளியே தள்ளும் சூடு, கூலண்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 40, கூலண்ட் 95 என்றால் வித்தியாசம் 55. அதே கூலண்டை 75-ல் பிடித்து வைக்க நினைத்தால் வித்தியாசம் 35-தான். அதே ரேடியேட்டர் அப்போது மூன்றில் இரண்டு பங்கு வேலைகூடச் செய்யாது. ஆகவே மே மாத மத்தியானத்தில் மிதித்து ஓட்டும்போது 75 என்பது பெரிய ரேடியேட்டர் இல்லாமல் நடக்காத காரியம். மெழுகுக் குப்பியில் எந்த எண்ணை அடித்தாலும் அதேதான். மிதமான சீதோஷ்ணம் உள்ள ஊர்க்காரர் எழுதிய அனுபவத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

68-ஐ நிரந்தரமாகக் கழற்ற வைத்தது ஒரு நவம்பர் மாதம். அடைமழை. ஆபீஸ் வீட்டிலிருந்து ஆறே கிலோமீட்டர். இரண்டு வாரம் அவ்வளவுதான் ஓட்டம். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மயோனைஸ் போல ஒரு வெளிர் மஞ்சள் கூழ். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நினைத்து ஒரு நிமிஷம் கை கால் ஓடவில்லை. கூலண்ட் அளவு குறையவில்லை, அதில் ஆயில் மிதக்கவும் இல்லை. கம்ப்ரஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் சமமாக இருந்தன. அது வெறும் ஈரம். எரிந்த வாயுவோடு வரும் நீராவி ஆயிலில் சேர்கிறது. ஆயில் நல்ல சூட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அப்படியே ஓடினால்தான் அது வெளியேறும். கூலண்டைக் குளிரவே வைத்தால் ஆயிலும் சூடேறாது. குறைந்த தூரம் ஓடும் வண்டிக்கு லோ டெம்ப் தெர்மோஸ்டாட் செய்யும் கெடுதல் இதுதான். வெளியே தெரியாது, முள்ளும் காட்டாது, பேரிங்கும் ரிங்கும் மெல்லத் தேயும்.

மறுநாளே ஆயில் மாற்றி, 78-ஐப் போட்டேன். பத்து நாளில் மூடியின் அடி சுத்தம்.

அதோடு ஒரே ஒரு மாற்றம் வைத்துக்கொண்டேன், ஃபேன் சுவிட்ச். ஒரிஜினல் 91-லிருந்து 95-க்குள் ஓட ஆரம்பிக்கும். அதை 87-88-ல் ஓடும் சுவிட்சாக மாற்றினேன். ஏசி இல்லாமல் சிக்னலில் நிற்கும்போதும், டிராக்கில் பிட்டுக்கு வந்து நிற்கும்போதும் இதுதான் கைகொடுக்கிறது. சுவிட்ச் எடுக்கும்போது ஒரு கணக்குப் பாருங்கள். ஃபேன் நிற்கும் டிகிரி, தெர்மோஸ்டாட் திறக்கும் டிகிரியைவிட மேலே இருக்க வேண்டும். கீழே போனால் ஃபேன் நிற்கவே நிற்காது, மோட்டார் சீக்கிரம் போய்விடும். இதையே திருப்பிப் போட்டால், 68 தெர்மோஸ்டாட்டை 93 சுவிட்சோடு மாட்டுவதிலும் அர்த்தமில்லை. வண்டி நின்றால் எப்படியும் 93 வரை ஏறித்தான் ஃபேன் ஓடும்.

மாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தொல்லை அங்கேதான் வருகிறது. எந்த தெர்மோஸ்டாட் ஆனாலும் பாத்திரத்தில் போட்டுப் பார்க்காமல் மாட்டாதீர்கள். முதலில் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபாருங்கள், சென்னையில் அது 100 காட்ட வேண்டும். நான் ஒரு கடையில் வாங்கிய பெயர் இல்லாத தெர்மோஸ்டாட்டில் 82 என்று அடித்திருந்தது, பாத்திரத்தில் 88 வரை அசையவே இல்லை. அதை மாட்டியிருந்தால் இன்னொரு மாதம் வேறெதையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன்.

தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடும் ஒரு குட்டி ஊசி இருக்கும். அது மேல் பக்கம் வரவேண்டும். கூலண்ட் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். கீழ் பக்கம் வைத்து மாட்டினால் காற்றுக் குமிழ் அங்கேயே நிற்கும், மெழுகுக் குப்பியைச் சூடான தண்ணீர் தொடாது, வால்வு நேரத்துக்குத் திறக்காது. ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, வெள்ளைப் படிவு இருந்தால் நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அங்கே கசியும். 10 நம்பர் போல்ட்டுகள் சின்னவை, அலுமினியத்துக்குள் போகிறவை. இறுகியதும் நிறுத்துங்கள்.

நிரப்பும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்து, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குளுக் குளுக்கென்று காற்று வரும். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை பொறுமையாக இருங்கள், அளவு குறையக் குறைய ஊற்றுங்கள். அவசரப்பட்டு மூடியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போய், சிக்கிய காற்றால் ஹீட் ஆகி, பழியைப் புது தெர்மோஸ்டாட் மேல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்ஜின் எதிர்பார்த்த சூட்டுக்கு வரவில்லை என்றால் ஈசியூ பி0128 என்ற பிழைக் குறியீட்டைப் போட்டு செக் இன்ஜின் விளக்கை எரிய விடும். நண்பரின் டர்போ வண்டியில் லோ டெம்ப் போட்ட இரண்டாம் நாளே அந்த விளக்கு வந்தது. டியூனர் (ஈசியூவின் சாஃப்ட்வேரை மாற்றுபவர்) ஈசியூவில் அந்த எண்களை மாற்றி எழுதினால்தான் அங்கே இந்தப் பார்ட்டுக்கு அர்த்தம் வரும். எலெக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜின்களில் சூட்டைத் தீர்மானிப்பதே சாஃப்ட்வேர்தான். அங்கே பார்ட்டை மாற்றுவதற்கு முன் டியூனரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இப்போது என் சிட்டி ஈசிஆரில் காலையில் 84-85, ஓஎம்ஆரில் ஏசியோடு மே மாதச் சாயங்காலம் 93, டிராக்கில் 92. லிட்டருக்குப் பதினொன்றரை. அந்த 68 தெர்மோஸ்டாட்டை வேறொரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய மாருதி எஸ்டீம் ரோட்டில் ஓடுவதே இல்லை. டிரெய்லரில் ஏறிப் போகும், டிராக்கில் இறங்கும், மூன்று லேப் ஓடும், மறுபடி டிரெய்லர். என் 68-ஐப் பார்த்துத்தான் அவருக்கும் ஆசை வந்தது. முதலில் அந்த இன்ஜினுக்கு இது அளவாகப் பொருந்துகிறதா என்று ஹவுசிங்கில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கிப் போனார். பாத்திரத்தையும் நூலையும் சேர்த்தே கொடுத்து அனுப்பினேன்.